அடி மேல் அடி வைத்தால் குதிரை அம்மியாகும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள், சென்னைக்கு வெளியே ஒரு ரைடிங் ஸ்கூலுக்குப் போகிறீர்கள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, பதினான்கு வயதுக் குதிரை ஒன்றைத் தருகிறார்கள். காலால் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. உதைத்தால் நாலடி நடந்துவிட்டு மறுபடி நின்றுவிடும். ஆனால் பயிற்சியாளர் மைதானத்தின் நடுவில் நின்றபடி நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினால், நேராக ட்ராட்டுக்கே, அதாவது நடையைவிட வேகமான துள்ளோட்டத்துக்கே, போய்விடுகிறது. "இன்னும் ஓங்கி உதைங்க" என்று சொன்னவர், போன வாரம் கையில் ஒரு சாட்டையையும் கொடுத்துவிட்டார். உங்களுக்கு அடிக்க மனம் வரவில்லை. எவ்வளவு பலமாக உதைப்பது, சாட்டையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: "அதே குதிரை அவருக்குப் போகிறது, எனக்கு ஏன் போகவில்லை?" அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பலத்தைப் பற்றிய கேள்வி அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

கல்லூரி நாட்களில் என்.சி.சி.யின் குதிரைப் பிரிவில் ஏறப் பழகியவன் நான். இருபது வருடத்துக்கும் மேலாகப் பயிற்சி கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் உங்களுடையது போன்ற பழைய பந்தயக் குதிரைகளோடுதான். கால்நடை மருத்துவன் அல்ல. உங்கள் குதிரையைப் பார்த்ததும் இல்லை. அதனால் இதில் சிலவற்றை அடித்துச் சொல்வேன், சிலவற்றை என் அனுபவம் என்ற அளவில் மட்டும் சொல்வேன். எது எது என்று அங்கங்கே குறித்துவிடுகிறேன்.

ஏறுபவர் குதிரைக்குத் தரும் சமிக்ஞைகளை ஆங்கிலத்தில் 'ரைடிங் எய்ட்ஸ்' என்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் வீட்டுக்குப் போய் "இன்னைக்கு எய்ட்ஸ் கத்துக்கிட்டேன்" என்று சொல்லி அம்மாவைக் கலங்கடித்தான். அன்றிலிருந்து நான் குறிப்பு என்றுதான் சொல்கிறேன். நல்ல சொல் அது. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார். உடம்பின் எடை, கால், கை, குரல் ஆகிய நான்கும்தான் அடிப்படைக் குறிப்புகள். சாட்டையும், பூட்ஸின் குதிகாலில் மாட்டும் குதிமுள்ளும் காலுக்குத் துணை நிற்பவை. காலுக்குப் பதிலாக வருபவை அல்ல.

சரி, முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிடுவோம். "பழைய குதிரைங்க, தோலு மரத்துப்போச்சு, எருமை மாட்டு மேல மழை பெய்த மாதிரிதான்" என்று எல்லா லாயத்திலும் யாராவது ஒருவர் சொல்வார். மரத்தெல்லாம் போகவில்லை. அடுத்த வகுப்பில் குதிரை சும்மா கட்டியிருக்கும்போது அதன் விலாவையே பார்த்துக்கொண்டிருங்கள். ஓர் ஈ வந்து உட்காரும். உட்கார்ந்த அந்த இடத்துத் தோல் மட்டும் சட்டென்று சிலிர்த்து உதறும். தோலுக்கு அடியில் அதற்கென்றே தகடு மாதிரி ஒரு தசை இருக்கிறது. ஈ உட்கார்ந்த இடமும், நீங்கள் ஏறினால் உங்கள் கெண்டைக்கால் படும் இடமும் அநேகமாக ஒன்றுதான். 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனிதத் தோலையும் குதிரையின் பின்பகுதித் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். மேல்தோலில் வலியை உணரும் நரம்பு முனைகளின் அடர்த்தியில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. ஆகவே உங்கள் கால் பட்டது அதற்குத் தெரிகிறது. நீங்கள் உதைத்ததும் தெரிகிறது. தெரிந்தும் ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்தில் ரிசால்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என்னைக் குதிரையிலிருந்து இறக்கி, தன் பக்கத்தில் நிற்க வைத்தார். என் தோளில் விரலால் தட்டிக்கொண்டே, லாடம் அடிப்பது பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார். தட்டல் நிற்கவில்லை, ஒரே தாளத்தில் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். பேச்சு சுவாரஸ்யமாகிவிட்டது, தோளை நான் மறந்தே போனேன். சட்டென்று தட்டலை நிறுத்தினார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். "பார்த்தியா, தட்டினப்போ திரும்பல, நிறுத்தினப்போதான் திரும்பின. நீ குதிரை மேல உட்கார்ந்து ஒரு மணி நேரமா இதைத்தான் பண்ணிட்டு இருக்க" என்றார். அவர் அதற்கு எந்த அறிவியல் பெயரும் சொல்லவில்லை. குதிரைகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த ஆண்ட்ரூ மெக்லீனும் பால் மெக்ரீவியும் எழுதியவற்றைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, தோளில் அவர் விரலால் தட்டியது மறுபடி நினைவுக்கு வந்தது.

அவர்கள் சொல்வதில் சந்தேகமில்லாத பகுதி இது. அழுத்தம் குதிரைக்குப் பாடம் சொல்வதில்லை. அழுத்தம் விலகும் அந்த நொடிதான் பாடம். கால் அழுத்துகிறது, குதிரை ஓரடி வைக்கிறது, அதே கணம் கால் தளர்கிறது. "ஓஹோ, முன்னால் போனால் இது நின்றுவிடும்" என்று குதிரை தெரிந்துகொள்கிறது. தளர்வு இரண்டு மூன்று நொடி தாமதித்தாலே எதற்காக அது கிடைத்தது என்பது குழம்பிவிடும். அடிக்கு அடி உதைத்துக்கொண்டே வந்தால் என்ன ஆகும்? நடந்தாலும் உதை, நின்றாலும் உதை. அப்படியானால் உதைக்கும் நடப்பதற்கும் சம்பந்தமில்லை. அதுபாட்டுக்கு வரும் போகும், மழை மாதிரி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம்மூர்ப் பழமொழி. குதிரை விஷயத்தில் அது தலைகீழ். அடி மேல் அடி வைத்தால், நன்றாக நகர்ந்துகொண்டிருந்த குதிரையும் அம்மியாகிவிடும். உங்கள் குதிரைக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நீங்கள் மட்டும் அல்ல. வாரத்துக்கு எத்தனையோ புதியவர்கள், ஆளுக்கு ஐந்நூறு உதை.

பயிற்சியாளரின் சொடுக்கு வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். அவர் ஒரே முறைதான் சொடுக்குகிறார். போகாவிட்டால் அடுத்து, தரையில் நின்றபடி குதிரையை ஓட்டப் பயன்படும் நீளமான லஞ்ச் சாட்டை உயரும் என்று குதிரைக்குப் பல வருடமாகத் தெரியும். போனவுடன் அவர் சும்மா இருந்துவிடுகிறார். குறிப்பு ஒன்று, அர்த்தம் ஒன்று, முடிவு ஒன்று. இதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இருக்கிறது. நீங்கள் காலை அழுத்தும்போதெல்லாம் அவர் சொடுக்கிவிட்டால், குதிரை சொடுக்குக்குத்தான் போகிறது. உங்கள் காலுக்கு எந்த அர்த்தமும் சேர்வதில்லை. "சார், ஒரு பத்து நிமிஷம் நீங்க சத்தம் கொடுக்காம இருங்க, நானே முயற்சி பண்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல பயிற்சியாளர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் காலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வலியைப் பற்றிப் பேச வேண்டும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன் 2018-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் அதில் இருக்கின்றன. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க நிறைய வாய்ப்பு என்று கருத வேண்டும். அந்த 24-ல் ஒன்று, உதைத்தால்தான் முன்னால் போகும் அல்லது தானாக நின்றுவிடும் என்பது. அதாவது நீங்கள் சோம்பேறித்தனம் என்று பார்ப்பது அப்படியே வலிப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒன்று மட்டும் இருப்பதால் வலி என்று முடிவுகட்ட முடியாது. அதோடு காதைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டே போவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை வீசிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் நுனி மண்ணில் இழுபடுவது எல்லாம் சேர்ந்து தெரிந்தால் சாட்டையை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. சீக்கிரமாகப் போய், சேணம் போடும் நேரத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் பக்கத்தில் நில்லுங்கள். சேணத்தை வயிற்றோடு பிணைக்கும் வாரை இழுத்துக் கட்டும்போது குதிரை திரும்பிக் கடிக்க வருகிறதா, வயிற்றை இறுக்குகிறதா? வார் உரசிய புண், சேணம் அழுத்தும் முதுகு, வயிற்றுப்புண் என்று அதற்குப் பல காரணம் இருக்கலாம். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்க மேய்வதற்காக அமைந்த உடம்பு அது. நம் லாயங்களில் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு, நடுவில் மணிக்கணக்கில் காலி வயிற்றோடு கட்டிப் போட்டால் புண் வராமல் என்ன செய்யும்? வகுப்புக்கு அரை மணி முன்பு கொஞ்சம் புல் போடச் சொல்லுங்கள், காசு அதிகம் ஆகாது. பல்லும் அப்படித்தான். குதிரையின் கடைவாய்ப்பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். ஓரம் கூராகி கன்னத்தைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அராவ வேண்டும். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம் என்று குதிரையின் கள்ளத்தனத்தைக் கிண்டலடித்து ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அந்தக் குதிரையின் வாய்க்குள் யாராவது டார்ச் அடித்துப் பார்த்தார்களா என்பது என் சந்தேகம்.

என் வாயால் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் வருடம், ஒரு ஸ்கூலில் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று இருந்தது. சண்டிக் குதிரை என்று பேர் வாங்கியது. ஏறியவர்களுக்கு நகரவே நகராது. ஒருநாள் நானே ஏறி, சாட்டையால் மூன்று நான்கு முறை நன்றாகவே போட்டேன். போனது, எனக்கும் பெருமையாக இருந்தது. இறங்கி சேணத்தைக் கழற்றியபோது, அடியில் விரித்திருந்த துணியில் எட்டணா அகலத்துக்கு ஈரம். சேணத்தின் முன்பகுதி, பிடரி முடியும் மேட்டின் மேல் நேராக உட்கார்ந்து தோலை அரைத்திருந்தது. மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. வேறு சேணம் போட்டு, ஒரு மாதம் ஓய்வு கொடுத்த பிறகு அது ஒரு குழந்தைக்கே போனது. நான் ஏறுவதற்கு முன் அந்த விரலை விட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

சென்னைக்கே உரிய இன்னொரு விஷயம் வெயில். இங்கிலாந்திலிருந்து வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்ட பந்தயக் குதிரைகளிலும் போலோ குதிரைகளிலும்தான், வியர்வை நின்றுபோகும் ஒரு கோளாறை அக்காலத்தில் கவனித்தார்கள். பந்தயக்காரர்கள் 'ட்ரை கோட்' என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த குதிரைக்கும் அது வரும். குதிரை தன் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் வியர்வையால்தான். அது நின்றுபோனால் வேலை செய்யவே முடியாது. மே மாதக் காலையில் உங்கள் சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது, குதிரையின் கழுத்தும் சேணத்துக்கு அடியும் காய்ந்து கிடக்கிறது, மூக்குத்துளை விரிந்து பொசபொசவென்று மூச்சு வாங்குகிறது என்றால், அது சோம்பல் இல்லை. அந்த நிமிடமே இறங்கிவிடுங்கள். நிழலில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், மருத்துவருக்குத் தகவல் போகட்டும். நிதானமாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு எட்டு முதல் பதினாறு முறைதான் மூச்சு விடும். விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பார்க்கலாம்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்டுக் குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்தபோது பெரிய பாதிப்பு இல்லை; 25, 30 சதவீதம் ஏற்றியபோது தசை வலியும் இறுக்கமும் கூடின. எட்டே குதிரைதான், கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் சேணத்தையும் சேர்த்து 20 சதவீதம் என்பதை உலகெங்கும் பல இடங்களில் எல்லையாக வைத்திருக்கிறார்கள். 450 கிலோ பந்தயக் குதிரைக்கு நீங்கள் பாரமில்லை. ஊட்டியில் 250 கிலோ மட்டக்குதிரை மேல் எண்பது கிலோ ஆள் ஏறிக்கொண்டு "இது நடக்கவே மாட்டேங்குது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் பார்க்கவேண்டியது உங்கள் கை. நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் லகான் நூல் பிடித்தாற்போல் நேராக, விறைப்பாக இருக்கிறது. காலால் போ என்கிறீர்கள், கையால் நில் என்கிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பயிற்சியாளர் பிரான்ஸ்வா போஷேயின் பிற்காலப் பாடமே இதுதான்: கை வேலை செய்யும்போது கால் சும்மா இருக்கட்டும், கால் வேலை செய்யும்போது கை சும்மா இருக்கட்டும். மேல்நிலையில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் பள்ளிகள் உண்டு, அதை அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நான்கு மாதம் ஏறியவருக்கு போஷே சொன்னது போதும். பந்தயக் குதிரைக்கு இதில் கூடுதல் குழப்பம் ஒன்று இருக்கிறது. ஜாக்கி, கால் வைக்கும் அங்கவடியைக் குட்டையாக்கி, குந்தின மாதிரி உயரத்தில் இருக்கிறார். அவர் கெண்டைக்கால் விலாவை அணைத்துப் பேசுவதே இல்லை. லகானை இறுக்கிப் பிடித்தால் குதிரை அதில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியிருக்கிறது. அப்படி வளர்ந்த குதிரைக்கு, விலாவில் அழுத்தினால் நட என்பதை யாராவது முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பல குதிரைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை; பந்தயத்திலிருந்து வந்த வாரமே வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் குதிரை கேட்க மறுக்கிறதா, பாஷையே தெரியாமல் நிற்கிறதா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நல்லவேளையாக இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

மருந்து இது. ஏறி உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் எங்கேயும் போகவேண்டாம். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தோல் வாரைக் கட்டச் சொல்லி, அதில் ஒரு விரலை மாட்டிக்கொள்ளுங்கள். அல்லது பிடரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். லகான் தளர்ந்து லேசாகத் தொங்கட்டும். கால் இரண்டும் விலாவை ஒட்டி, ஈரத்துணி மாதிரி சும்மா கிடக்கட்டும். பிடித்து இறுக்கவும் வேண்டாம், விலக்கவும் வேண்டாம். புதிதாக ஏறுபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் குதிகாலால் இறுக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. கீழே பார்க்காமல், நேர் எதிரே ஒரு மரத்தைப் பாருங்கள். இப்போது உள்கெண்டையால் ஒரே ஒரு முறை அழுத்துங்கள், பழுத்த தக்காளி நசுங்காத அளவுக்கு. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள். போனால் அந்தக் கணமே காலைத் தளர்த்திவிட்டு அமைதியாக உட்காருங்கள். போகவில்லையா, அதே அழுத்தத்தை விடாமல், காலுக்குச் சற்றுப் பின்னால் சாட்டை நுனியால் மெதுவாகத் தட்ட ஆரம்பியுங்கள். டக், டக், டக் என்று நொடிக்கு இரண்டு தட்டு. ஓங்கி அடிப்பது இல்லை, தொந்தரவு செய்வது. போகும் வரை நிறுத்தாதீர்கள், மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முன்னங்கால் ஒன்று அசைந்ததா? சாட்டையும் நிற்கவேண்டும், காலும் தளரவேண்டும், இரண்டும் அதே நொடியில்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் அடுத்த நொடி. குதிரை சட்டென்று இரண்டடி துள்ளும், அல்லது ட்ராட்டுக்கே போய்விடும். பயத்தில் லகானை இழுப்பீர்கள். போ என்றதற்குப் போனது, வாயில் வெட்டு வாங்கியது. இனி போகவே போகாது. அதற்காகத்தான் கழுத்து வார். துள்ளினால் துள்ளட்டும், வாரைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு அடி கூடவே போங்கள், பிறகு மெதுவாக நிறுத்துங்கள். நின்றதும் மறுபடி தக்காளி அழுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டும். இது முக்கியம். ஏற்கெனவே போகவில்லை என்ற கடுப்பில் நேராக உதையில் தொடங்கினால், லேசான குறிப்புக்கு அர்த்தம் வருவதற்கு வழியே இல்லை. எட்டடி நடை, நிற்பது, மறுபடி எட்டடி. பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் போதும். பெரும்பாலான குதிரைகளில் ஐந்தாவது ஆறாவது முறையிலேயே சாட்டை தேவைப்படாமல் போகும். இது என் அனுபவம், ஆய்வு அல்ல. நடக்க ஆரம்பித்த பிறகு காலால் ஓட்டிக்கொண்டே வராதீர்கள். நடப்பது அதன் வேலை. நின்றால், வேகம் குறைந்தால் மட்டும் மறுபடி ஒரு குறிப்பு. கேட் பக்கம் வரும்போது தானாக நிற்கப் பார்க்கும். கேட்டுக்கு நாலடி முன்னாலேயே குறிப்பைக் கொடுத்துவிடுங்கள்.

சாட்டையின் நீளமும் கவனிக்கவேண்டியது. ஒன்று ஒன்றேகால் மீட்டர் நீளமுள்ள மெல்லிய பயிற்சிச் சாட்டை என்றால், லகானைப் பிடித்தபடியே மணிக்கட்டைத் திருப்பித் தட்டலாம். குட்டைச் சாட்டை என்றால், முதலில் லகான் இரண்டையும் ஒரு கைக்கு மாற்றிவிட்டு, சாட்டைக் கையை லகானிலிருந்து எடுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு தட்டுக்கும் வாயில் ஓர் இழுப்பு விழும். தோளில், தலைப் பக்கம், வயிற்றுக்குக் கீழே தட்டாதீர்கள். கோபம் வந்தால் சாட்டையைக் கீழே போட்டுவிடுங்கள், நான் அப்படிப் போட்டிருக்கிறேன். குதிமுள் வேண்டவே வேண்டாம். கால் தன் இடத்தில் அசையாமல் இருக்கப் பழகியவருக்குத்தான் அது. உங்களுக்கு இப்போது கால் ஆடும். ஆடும் ஒவ்வொரு முறையும் குத்தும்.

இனி சந்தேகத்துக்குரியவை. ஒரே ஒரு முறை ஓங்கிப் போட்டுவிட்டால் போதும், சின்னச் சின்னத் தட்டல் எரிச்சல்தான் தரும் என்று பிரிட்டிஷ் மரபில் பழகிய பலர் சொல்வார்கள். அதற்கும் பலன் உண்டு, பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு அடிக்குச் சில குதிரைகள் பின்னங்காலை உதறும், அப்போது நீங்கள் மண்ணில் இருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு நான் தட்டலைத்தான் சொல்வேன். நடக்கும்போது குதிரையின் வயிறு இடம் வலமாக ஆடும்; உங்கள் வலது கால் தானாக உள்ளே விழும் நேரத்தில் குதிரையின் வலது பின்னங்கால் முன்னே வருகிறது, அந்த நொடியில் அழுத்தினால் பலன் அதிகம் என்பது பழைய பாடம். எனக்கு அது வேலை செய்கிறது. குறிப்பின் நேரத்தால் வேலை செய்கிறதா, அல்லது அப்படிக் கவனிக்கும்போது நானே அமைதியாகிவிடுவதாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். "குதிரை உங்களை மதிக்கவில்லை, நீங்கள்தான் தலைவர் என்று காட்டுங்கள்" என்ற பேச்சை மட்டும் நான் நம்புவதை விட்டு வெகுநாள் ஆயிற்று. ஈயை உதறும் பிராணி மரியாதைக் கணக்கெல்லாம் வைத்துக்கொண்டு உங்கள் காலை மறக்கவில்லை.

நீங்கள் வாரம் இரண்டு மணி நேரம் ஒழுங்காகச் செய்வதை, மற்ற நாட்களில் ஏறுபவர்கள் அழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதைத் தவிர்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் மறுபடி முதலிலிருந்துதான். ஆனால் குதிரைகள் ஆள் பார்த்துப் பழகும். மூன்று நான்கு வாரத்தில், நீங்கள் ஏறியதும் தொடங்கும் இடம் கொஞ்சம் முன்னேறியிருக்கும். ஆறு வாரம் ஆகியும் தட்டல் குறையவே இல்லை என்றால், நான் மேலே நீட்டி முழக்கிய வலிப் பக்கத்துக்குத்தான் திரும்புவேன். அல்லது வேறு குதிரை கேட்பேன். அப்படிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே போய், வாரைக் கட்டும்போது அது என்ன செய்கிறது, பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். முடிந்தால் பக்கத்திலிருந்து யாரையாவது ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகம் வேண்டாம், உங்கள் கால், கை, அதன் காது மூன்றும் தெரிந்தால் போதும்.